முன்னுக்கே எடுத்த முடி

முருகனடியார்களே, என் மகள் அபிராமிக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன ஆவணி மாதத்தில் எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வெள்ளவத்தை முருகன் கோவிலுக்குப் போனேன். "பிள்ளையைத் தா, அவளின்ட முடியைத் தாறன்" என்று நேர்ந்துவிட்டேன். இடுப்புவரை தொங்கும் பின்னல் அவளுக்கு.

பிள்ளைக்குக் கோபம். "என்னைக் கேக்காம ஏனம்மா என்ட தலைமயிரை நேர்ந்தனீங்க?"

கார்த்திகைக்குள் மருந்து ஏறி, முடியெல்லாம் தலையணையில் உதிர்ந்தது. கொடுக்க ஒன்றுமில்லையே என்று அன்றுதான் அழுதேன்.

"அவர் முன்னுக்கே எடுத்திட்டார் அம்மா. இனி வேலையைச் செய்யாம விடேலாது" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு செவ்வாயும் சந்நிதியில் நின்று, "எடுத்தனீதானே, செய்" என்றேன். கெஞ்சவில்லை.

வேறொருவரின் ஸ்டெம் செல் ஏற்றினால்தான் நல்ல இரத்தம் ஊறும். எங்கள் வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை. வெளிநாட்டில் சேமித்து வைத்திருந்த, யாரோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்த செல் பொருந்தியது.

"ஆனா அந்த அளவு காணாதம்மா, இவ வளர்ந்த பிள்ளை" என்றார் வைத்தியர். "அங்க லாப்பில அந்த செல்லை வளர்த்துப் பெருக்கி ஏத்துவினம். புது முறை. உடம்பில பிடிக்காமலும் போகலாம்."

என் கணவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. "ஒரு கரண்டி உறைமோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்கேல்லையா? போவம்" என்றேன்.

பிள்ளையோடு அந்த நாட்டுக்குப் போனோம். செல் வளரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தை மாதம் அது ஒரு சின்னப் பையில் வந்து, பிள்ளையின் உடம்பில் ஏறியது. அவளைக் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். வெளியே நின்று இன்னொரு நேர்த்தி வைத்தேன். இம்முறை என் முடி.

மாசியில் உள்ளேயிருந்து ஃபோன் எடுத்தாள். "பிடிச்சிட்டுதாம் அம்மா! இரத்தம் ஊறுதாம்!" அந்த நடைபாதையிலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டேன்.

இப்போது அவளுக்கு விரல் நீளத்துக்குச் சுருட்டை முடி. "இதையும் குடுப்பமா?" என்று கேட்டாள். "வேண்டாம், அது அவன் தந்தது" என்றேன். போன வெள்ளிக்கிழமை நான் மொட்டை அடித்தேன். கோவிலிலிருந்து கொழும்புக் காலி வீதி வழியே என் தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்புக்கு முருகனுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

கலங்கி நிற்பவர்களே, வைத்தியரிடமும் போங்கள், முருகனிடமும் போங்கள். ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம். நேர்த்தியும் வையுங்கள். ஆனால் உங்கள் தலையை நேருங்கள், பிள்ளையின் தலையை அல்ல.