மூடியில் எழுதிய குதிரைவலு

இந்த நாட்டில் ஒரு காரை அதன் நட்டு ஒன்றைக்கூடத் தொடாமல் குளிர்காலம் முழுக்கத் திருத்தலாம். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் மகள் டிலானியின் காருடைய முன்மூடி, பொனற், திறந்திருக்கும். அதற்குள் இரண்டு தலைகள் குனிந்திருக்கும். ஒன்று அவளுடையது, மற்றது பக்கத்து வீட்டுக் கிளவுஸுடையது. அவர் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பார்ப்பார்கள், அளப்பார்கள், பேசுவார்கள், பொனற்றை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த சனிக்கிழமையும் இதே கூத்துத்தான்.

டிலானி வேலைக்குப் போன புதிதில் பழசாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கைதான். இஞ்சினில் டர்போ இருக்கிறது. வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, இஞ்சினுக்குள் இன்னும் காற்றை அமுக்கி அனுப்பும். அந்த அமுக்கத்தைக் கூட்டினால் வேகம் கூடும். என் கையில் விட்டிருந்தால் அதைத்தான் முதல் நாளே செய்திருப்பேன். கிளவுஸின் திட்டத்திலோ வேகம் கடைசியில் வருகிறது. முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு அமுக்கிய காற்றைக் குளிரவைக்கப் பெரிய இன்டர்கூலர், அதன் பிறகு புகைக்குழாய். எல்லாம் முடிந்துதான் கணினியில் அமுக்கத்தைக் கூட்டுவார்களாம். டிலானி இதைச் சாப்பாட்டு மேசையில் ஞானோபதேசம்போல ஒப்புவிப்பாள். கிளவுஸ் இப்படிச் சொன்னார், கிளவுஸ் அப்படிச் சொன்னார். நான் கோப்பையைத் தள்ளிவைப்பேன். "என்ன, அந்தாளோட போட்டியே?" என்று மனைவி ரெஜினா சிரிப்பாள். போட்டியில்லை, பொறாமை. பெற்ற மகள் இஞ்சினைப் பற்றிக் கேட்க ஒரு மனுசனிடம் போகிறாள், அந்த மனுசன் நானில்லை.

நானொன்றும் இஞ்சின் தெரியாதவனில்லை. மன்னாரில், பள்ளிமுனைக் கரையில், வள்ளத்து இஞ்சின்களோடு கிடந்து வளர்ந்தவன். அங்கே ஒருவன் இஞ்சினைக் கழற்றினால் நாலு பேர் அழையாமலே கை வைப்பார்கள். பூசை முடிந்து வருகிறவன்கூட வெள்ளைச் சாரத்தோடு மணலில் குந்திவிடுவான். பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றாலே போதும், "இந்தா, இதைப் பிடி" என்று ஒரு ஸ்பானரைக் கையில் தருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் ஒரு சனிக்கிழமை நானும் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கிளவுஸ் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சங்கடத்தோடு கேட்டார்: "ஹெர் சூசை, எங்கள் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" ஹெர் என்றால் திரு. சூசை என் தகப்பனின் பெயர், இங்கே பத்திரங்களில் அதுவே என் பெயராகிவிட்டது. இல்லை, இல்லை என்றேன். "அப்பா, உங்களுக்கு வாசல் வேணுமெண்டால் சொல்லுங்கோ, காரை எடுக்கிறன்" என்றாள் டிலானி. எனக்கு வாசல் வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் இருந்துவிட்டேன்.

வெயில் வந்ததும் வேலை தொடங்கியது. பிரேக்கும் டயரும் மாறின. புகைக்குழாயில்தான் சிக்கல். இங்கே காரில் எதை மாற்றினாலும் பரிசோதனை நிலையத்தில் காட்டி, காரின் பத்திரத்தில் பதிய வேண்டும். அவர்கள் தேடிப் பிடித்திருந்த குழாய் இந்தக் காருக்கு அனுமதியில்லையாம். டிலானி படியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். கிளவுஸ் வேறு குழாய் தேடினார். என்னுடைய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவளுக்கு முன்பு ஒருநாளும் சொல்லாத கதையை அன்று சொன்னேன். யுத்தம் நடந்த காலத்தில் பள்ளிமுனையில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். வள்ளத்தில் சின்ன இஞ்சின்தான் பூட்டலாம். சின்ன இஞ்சினோடு போனால் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேரவே பாதிப் பொழுது போய்விடும். ஒரே கம்பனியின் பத்துக் குதிரைவலு இஞ்சினும் பதினைந்தும் வெளியிலிருந்து பார்க்க ஒரே அளவு. நானும் கூட்டாளி அந்தோனியும் பதினைந்துக்குப் பத்தின் மூடியைப் போட்டு வைத்திருந்தோம். கரையில் துவக்கோடு காவல் நின்ற சிப்பாய் மூடியிலுள்ள இலக்கத்தை வாசித்துவிட்டுப் போகச் சொல்வான்.

"பிடிச்சிருந்தால் என்னப்பா செய்திருப்பாங்கள்?" என்று டிலானி கேட்டாள்.

"அதை நாங்கள் கதைக்கிறேல்ல."

அவள் கதையை ஜெர்மன் மொழியில் கிளவுஸுக்குச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் விபத்து நடந்தால் காப்புறுதி கிடைத்திருக்காதே?" என்று என்னை உண்மையான கவலையோடு பார்த்தார். நான் மகள் பக்கம் திரும்பினேன். "நீயும் அப்பிடிச் செய் பிள்ளை. காட்டுற நாளைக்குப் பழைய குழாயைப் பூட்டிக் காட்டு. பிறகு புதுசைப் போடு. ஆர் பாக்கப் போறான்?"

"ஏனப்பா ஒளிக்கோணும்?" என்றாள். கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "விட்டால் போடுவம். விடாட்டி வேற பாப்பம்."

அந்த இடத்திலேயே கிளவுஸ் மீதிருந்த வயிற்றெரிச்சல் எனக்கு அற்றுப்போயிற்று. அது அப்படியே என் மகள் மீது திரும்பியது. தனக்கு எவ்வளவு வேகம் வேண்டுமென்று அவள் பத்திரத்தில் எழுதிக் கேட்கிறாள். அதே வயதில் நான் ஐந்து குதிரைவலுவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறைத்தேன். பிள்ளை பயமில்லாமல் வளர வேண்டும் என்றுதானே கடல் தாண்டி வந்தோம். வளர்ந்துவிட்டாள், அது எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். இங்கே பிள்ளை வளர்த்தவர்களில் சிலருக்காவது நான் சொல்வது தெரியும்.

அடுத்த சனிக்கிழமை டிலானியே வந்து கூப்பிட்டாள். "அப்பா, இன்டர்கூலர் குழாயளை நீங்கள் பூட்டுங்கோ. காத்து ஒழுகக்கூடாது." கிளவுஸ் விலகி இடம் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் குழாயாகக் கழற்றித் துடைத்து, வளையங்களை இறுக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கணினி வேலையும் முடிந்த அன்று பள்ளிமுனைக்குக் கோல் எடுத்து அந்தோனியிடம் பீற்றிக்கொண்டேன். "எத்தினை குதிரை?" என்றான். சொன்னேன். "அதை வச்சுக்கொண்டு எங்கயடா போறாய்?" என்றான். அவனுக்கும் பொறாமைதான் என்று எனக்குச் சந்தோசம்.

பரிசோதனைக்கு டிலானி தன் காரில் முன்னால் போக, நான் கிளவுஸின் காரில் பின்னால் போனேன். அனுமதியுள்ள வேறொரு புகைக்குழாய் கிடைத்திருந்தது. பரிசோதகர் ஒரு பொடியன், நீல மேலங்கியும் கையில் ஒரு டோர்ச்சும். துவக்கொன்றுமில்லை. டிலானி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கூட்டிய வலு எவ்வளவு என்று அவன் கேட்காமலே சொன்னாள். அவன் பிரேக்கைப் பார்த்தான், புகைக்குழாயைப் பார்த்தான், பொனற்றுக்குள் குனிந்து இன்டர்கூலர் குழாய்களில் வெகுநேரம் நின்றான்.

"இதைப் பூட்டியது யார்?"

"என் அப்பா" என்று டிலானி என்னைக் காட்டினாள். முகமெல்லாம் பெருமை. பொடியன் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினான்.

"நீங்களா?"

அத்தனை சனிக்கிழமையும் நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"இல்லை, நான் சும்மா கூட வந்தவன்" என்றேன். ஜெர்மன் மொழியில் இவ்வளவு சுத்தமாக ஒரு வசனம் அதுவரை என் வாயில் வந்ததில்லை. நல்ல வேலை என்று சொல்லத்தான் கேட்டேன் என்றான் பொடியன். டிலானி என் கைகளைக் கண்ணால் தேடினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெயோடு அவை இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன.