ஆயுத பூஜையில் குளித்த கியூ

பூல் பந்துகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன வாரம், பேராவூரணியில்.

பதினைந்து பந்துகளும் டேபிள் நடுவில் முக்கோணமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும், தனியே நின்ற வெள்ளைப் பந்திலும் ஒரு பொட்டு. உருண்டைக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள்... குமரேசன் எப்படியோ கண்டுபிடித்திருந்தான். கறுப்புப் பந்துக்கு மட்டும் விபூதிப் பட்டை. டேபிளின் நாலு காலடியிலும் எலுமிச்சம்பழம். படையல் பொரி சிதறி, பந்து விழுகிற எல்லா பாக்கெட்டுக்குள்ளும் விழுந்து கிடந்தது.

குமரேசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். திரும்பிய வருஷமே புயல் வந்து அவர்கள் தென்னந்தோப்பை மொத்தமாகப் படுக்க வைத்துவிட்டது. திரும்பக் கன்று நட்டிருக்கிறான். அது காய்க்கிற வரைக்கும் சாப்பிட வேண்டுமே? உரக்கடைக்கு மேல் மாடியை வாடகைக்குப் பிடித்து, ஒரே ஒரு பூல் டேபிளைப் போட்டு, கடை திறந்துவிட்டான்.

நான் எட்டாவதோடு ஊரை விட்டு ஓடியவன் என்பதும், மும்பையில் ஒரு கிளப்பில் பந்து அடுக்கிக் கொடுத்தவன் என்பதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். குமரேசனும் படித்திருக்கிறான்.

“அண்ணே, பூஜைக்கு வாங்க. அப்படியே நம்ம ஆளுங்களுக்கு ஷாட் சொல்லிக் குடுங்க” என்று போன்.

எனக்கும் நீடாமங்கலத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அலுத்திருந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கட்டடம் அதிராம்பட்டினத்து ஹாஜியார் ஒருவருடையது. மாடியில் சூதாட்டம் நடக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். திறமை விளையாட்டு என்றால் கடை இருக்கலாம். லக் விளையாட்டு என்றால் இந்த மாதத்தோடு காலி.

“நெஜமாவே பந்தயம் கட்டுறாங்களா?” என்று கேட்டேன்.

“சத்தியமா காசு கெடையாதுண்ணே. தோத்தவன் டீ வாங்கிக் குடுப்பான்... அவ்வளவுதான்.”

“அதை பாய்கிட்ட சொல்லிட்டியா?”

“அதைத்தான்ணே எவனோ சொல்லியிருக்கான்.”

அப்படியே பந்தடிக்கும் குச்சியான கியூ ஒன்றை எடுத்து ஷாட் காட்டலாம் என்று கையை நீட்டினேன். குமரேசன் தடுத்துவிட்டான். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடலாமா? நாளைக்கு விஜயதசமி, காலையில் நல்ல நேரம் பார்த்து எடுத்தால் போதும். சரிதான். கியூக்கள் ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. பட்டை பட்டையாகச் சந்தனம். பளபளப்பு வேறு.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் ஒரு கியூவை எடுத்தேன். டேபிளில் படுக்க வைத்து உருட்டினேன். நேரான கியூ சத்தமில்லாமல் உருளும். இது... ஸ்பீடு பிரேக்கரில் ஷேர் ஆட்டோ போகிற மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. ஒன்று பாக்கி இல்லை.

“குமரேசா, இதை என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணலைண்ணே. பூஜைன்னு நல்லா குளிப்பாட்டினேன். ஷாம்பு போட்டு... பம்ப்செட் தொட்டியில ஊறவெச்சு... அப்புறம் மாடிச் சுவத்துல வெயில் படுற மாதிரி சாத்தி வெச்சேன்.”

“குளிப்பாட்டினியா?”

“டிராக்டரைக் கழுவுறோம், மம்பட்டியைக் கழுவுறோம். இதை மட்டும் அழுக்கோடவா சாமி முன்னாடி வெக்கிறது?”

நியாயமான கேள்விதான். பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மும்பையில் கியூ செய்கிற பட்டறை ஒன்றிலும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். அங்கே லேத்தில் என் இடது ஆள்காட்டி விரலின் நுனி போனது. மற்றபடி நல்ல இடம். மேப்பிள் கட்டையை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவுவார்கள். பிறகு தொங்க விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் அது பாட்டுக்குத் தொங்கும். மறுபடி கொஞ்சம் சீவல், மறுபடி தொங்கல். எதற்கு? சீவச் சீவ மரம் வளையப் பார்க்கும். வளைய வேண்டியதெல்லாம் பட்டறையிலேயே வளைந்து முடியட்டும் என்றுதான் இவ்வளவு பொறுமை. நுனிக்கு வரவர மெலிய வேண்டும், ஆனால் எந்த இடத்தில் மெலிகிறது என்று கைக்குத் தெரியக் கூடாது. கடைசியில் நுனியில் தோலை ஒட்டி, ஈரம் ஏறாமல் பாலிஷ் போட்டு அனுப்புவார்கள்.

அந்த பாலிஷையும் குமரேசன் விட்டுவைக்கவில்லை. கையில் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று போன மாதமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். பிறகு தொட்டித் தண்ணீர். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெயில். நுனித் தோல் ஊறி, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அதன் மேல் சந்தனம்.

தஞ்சாவூர் போய் வேறு வாங்கலாமா? கடை லீவு. ஹாஜியாரை இன்னொரு நாள் வரச் சொல்லலாமா? எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார்.

“இதை வெச்சே ஆடுவோம்” என்றேன். வளைவு மேலும் கீழுமாக இருக்கும்படி பிடித்தால் பந்து பக்கவாட்டில் ஓடுவது குறையும். முழங்கைக்கு மேலே எதுவும் அசையக் கூடாது. கீழே மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். பின்கை கியூவை இறுக்கவே கூடாது. சூடான டீ கிளாஸைப் பிடிப்பது போல... விழாத அளவுக்கு மட்டும்.

இதை ரவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடையின் முதல் ரெகுலர் ரவி. தேங்காய் உரிக்கிறவர். நட்டு வைத்த இரும்புப் பாரையில் காயைக் குத்தித் திருகித் திருகி, இரண்டு தோளும் தனித்தனி ஆட்களைப் போல இருக்கும். கியூவை எடுத்தாலும் அதே தோள்தான் வேலை செய்யும்.

“அடிக்காதீங்க ரவி. அனுப்புங்க.”

“அனுப்புனா போகுமாண்ணே? குத்துனாத்தானே உரியும்?”

பந்தை யார் உரிக்கச் சொன்னது?

மத்தியானத் தொழுகை முடித்து ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பி. ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டோம்.

“ஆடுங்க தம்பி. நான் சும்மா பார்க்கிறேன்” என்றார்.

சும்மா பார்க்கிறேன் என்கிறவர்கள்தான் உலகத்திலேயே பயப்பட வேண்டியவர்கள்.

ரவி முதல் அடியில் முக்கோணத்தை உடைத்தார். பந்துகள் நாலு பக்கமும் சிதறின. ஒன்றும் விழவில்லை. குமரேசன் அடித்தான். பாக்கெட் வாயில் நின்ற பந்து... அதைத் தொடாமலே வெள்ளைப் பந்து ஒதுங்கிப் போனது. நான் குனிந்தேன். ஆள்காட்டி விரல் முழுசாக இல்லாததால் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரல் மேட்டில் கியூவை வைத்தேன். முழங்கை ஊஞ்சல். டீ கிளாஸ் பிடி. எல்லாம் சரி. ஊறிய தோல் சறுக்கியது. வெள்ளைப் பந்து எகிறிக் குதித்து, தரையில் உருண்டு, ஹாஜியார் செருப்பருகே போய் நின்றது.

அவர் எடுத்தார். விரலில் குங்குமம் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“இவருதான் மும்பையிலேர்ந்து வந்தவரா?”

“ஆமா பாய்” என்றான் குமரேசன். குரல் கீழே உரக்கடையிலிருந்து வருவது போல இருந்தது.

மறுபடி ஆடினோம். மறுபடி ஒன்றும் விழவில்லை.

“இது திறமை விளையாட்டுங்க பாய்” என்றான் குமரேசன்.

“யாரோட திறமை?”

குமரேசன் முகத்தைப் பார்த்தேன். தோப்பு விழுந்த மறுநாள் இப்படித்தான் இருந்திருப்பான்.

ஹாஜியார் எழுந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். “அதைக் குடுங்க பார்ப்போம்” என்று ரவி கையிலிருந்த கியூவை வாங்கினார். கைலியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். மஞ்சள் பந்தை நன்றாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒரு தள்ளு.

வெள்ளை மஞ்சளைத் தொடவில்லை. டேபிள் ஓரத்துக் குஷனில் இடித்து, திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பச்சைப் பந்தை உரசியது. பச்சை மெதுவாக... மிக மெதுவாக... மூலைப் பாக்கெட் வரை நடந்து போய், உள்ளே இருந்த பொரியின் மேல் ‘சரக்’ என்று விழுந்தது.

“ஐயோ, லக்...” என்று ரவி ஆரம்பித்தார். குமரேசன் அவர் காலை மிதித்தான்.

ஹாஜியார் நிமிர்ந்தார். “லக்கா? எங்க லக்கு? நான் அந்தப் பச்சையத்தானே பார்த்தேன்?”

“பச்சையத்தான் பாய்” என்றான் குமரேசன்.

“நானும் பார்த்தேன்” என்றேன்.

“நீங்க மூணு பேரும் இவ்வளவு நேரம் அடிச்சீங்களே, விழுந்துச்சா? லக்குன்னா எல்லாருக்கும்ல விழணும்? இது கைவாகுப்பா. கண்ணும் கையும் ஒண்ணா வேலை செய்யணும்.” வளைந்த கியூவை ஒரு தரம் தடவிப் பார்த்தார். “குச்சியும் நல்ல குச்சி.”

தான் போட்டால் திறமை, அடுத்தவன் போட்டால் லக். பூலுக்கு மட்டுமா இது? வீடு கட்டினவரிடம், பையனை வெளிநாட்டுக்கு அனுப்பினவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவராவது மஞ்சளைப் பார்த்தேன், பச்சை விழுந்தது என்பாரா?

கடை இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். படி இறங்கப் போனவர் திரும்பினார்.

“ஆனா தோத்தவன் டீ வாங்குறது வேணாம். டீயா இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான். ஜெயிச்சவன் சந்தோஷமா வாங்கிக் குடுக்கட்டும். அதுக்குப் பேரு விருந்து.” சட்டைப் பையில் கைவிட்டு எங்கள் எல்லோருக்கும் அவரே டீ சொன்னார். ஜெயித்தது அவர்தானே?

அன்றிலிருந்து அதுதான் கடையின் சட்டம். நேற்று குமரேசன் போன் பண்ணினான். புது கியூக்கள் வந்துவிட்டனவாம். உருட்டிப் பார்த்தானாம், சத்தமே இல்லையாம். ரவிகூட அனுப்பக் கற்றுக்கொண்டாராம். மற்ற பந்துகளெல்லாம் வரிசையாக விழுகின்றன.

கடைசியில், ஜெயிக்கப் போட வேண்டிய அந்தக் கறுப்புப் பந்தை மட்டும் இதுவரை ஒருவரும் போடவில்லையாம்.