எனக்குக் கட்டிய வீட்டில் கோழிகள்

கோழி முட்டையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஓங்காளம் வரும். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டின் நாற்றத்தை அவர்கள் முகரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டில் ஒரு பெண் பிறந்துவிட்டால் வாப்பாமார் அன்றைக்கே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் வாப்பாவும் கல்முனைக்குடியில் எங்கள் வளவின் பின்பக்கம் எனக்கென்று ஒரு வீடு கட்டினார். முன்னுக்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்குள் கதவு திறக்கிற மாதிரி அடுத்தடுத்து முன் அறை, பின் அறை என்று இரண்டு அறைகள். ஓடு போட்டு முடிந்த கையோடு எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வந்து கூரையை அள்ளிக்கொண்டு போனது. இன்னொரு தரம் ஓடு போட வாப்பாவுக்கு வசதி இருக்கவில்லை. தகரம் அடித்தார். கதவும் ஜன்னலும் வைத்தார். சுவருக்குப் பூச்சு இல்லாமல் வேலை அப்படியே நின்றுபோனது.

அந்த நேரம்தான் எங்கள் ஊருக்கு வெள்ளைக் கோழிப் பைத்தியம் பிடித்தது. கொழும்பிலிருந்து காற்றோட்டைகள் போட்ட மட்டைப் பெட்டியில் குஞ்சுகள் பஸ்ஸில் வந்து இறங்கும். வளர்ந்தால் முட்டை ஓயாது என்று கடைத்தெருவில் ஆளாளுக்குக் கதைத்தார்கள். வாப்பா கேட்டுக்கொண்டு வந்தார்.

“வீடு சும்மாதானே கெடக்கு. கோழி முட்ட போட்டே இந்த வீட்ட முடிச்சிரும், பாரு மகள்” என்றார்.

எனக்குக் கட்டிய வீட்டுக்கு என்னை முந்திக்கொண்டு கோழிகள் குடிபோயின.

எங்கள் ஊர்க்கோழி மண்ணைக் கிளறும், புழுதியில் புரளும், பொழுதுபட்டால் மாமரத்தில் ஏறிப் படுக்கும். இந்த வெள்ளைகள் மண்ணையே காணவில்லை. நிலத்தில் மில்லிலிருந்து கொண்டுவந்த உமியைக் கொட்டி, மூன்று இடத்திலும் நெருக்கி அடைத்தார் வாப்பா. ஒன்று செட்டையை விரித்தால் பக்கத்தில் நிற்பதன் முகத்தில் அடிக்கும். உமி நனைந்து பீயோடு சேர்ந்து களியாகி, மிதித்தால் பெருவிரல் புதையும். அதன் காரம், மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கின மாதிரி எரியும். கோழிகளுக்கும் எரிந்திருக்கும். பலதின் கண் நுரைத்து மூடிக்கிடந்தது. மேலே தகரம், கீழே பீ. பகலில் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும்.

“ஜன்னலயாவது தொறந்து வைங்களேன் வாப்பா.”

“தொறந்தா கீரி வரும். உனக்கு ஒண்டும் தெரியா.”

கீரியா! கீரி வந்திருந்தால் ஒரு கடியோடு முடிந்திருக்கும். நெருக்கத்தில் அதுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. ஒன்றின் பின்பக்கத்தில் இரத்தத்தைக் கண்டால் போதும், மற்றதெல்லாம் சேர்ந்து குடலை உருவும். உயிரோடு நிற்கும், குடல் தொங்கும், தீனும் தின்னும். ச்சீ! அதற்கு வாப்பா கண்ட மருந்து, பழுக்கக் காய்ச்சிய கத்தியால் கொத்துகிற சொண்டின் நுனியைச் சுடுவது. பிடித்துக்கொடுக்கிற வேலை எனக்கு. என் உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்த அடி எனக்குத் தெரியும். நகம் கருகின மாதிரி ஒரு மணம் கிளம்பும். அன்றைக்குச் சோறு இறங்காது.

முட்டை கழுவுவதும் நான்தான். பீ காய்ந்து ஒட்டிய முட்டையைத் தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவுவேன். பாண்டிருப்பிலிருந்து வாங்க வருகிற டீச்சர், “என்ன துப்புரவான முட்டை!” என்று மெச்சுவார். சொறிக்கல்முனையிலிருந்து தோட்டத்துக்குப் பசளை அள்ள ஒருவர் மாட்டுக்கரத்தையோடு வருவார். சாணத்துக்குள்ளேயே வளர்ந்த அந்த மனிதரும் மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்.

இப்படி இருக்கும்போது நிந்தவூரிலிருந்து எனக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. கொண்டுவந்தவர் என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஒருதரம் பஸ்ஸில் ஒரு கிழவிக்கு எழும்பி இடம் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். மெய்யாகச் சொன்னால் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. தொழுத பாயில் இருந்து அல்லாஹ்விடம் அந்த மாப்பிள்ளையையே கேட்டேன்.

வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வாப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. மண்டபத்தையும் முன் அறையையும் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். அன்று பகல், மூன்று இடத்துக் கோழிகளையும் அள்ளி அள்ளிப் பின் அறைக்குள் போட்டார். சத்தமும் நாற்றமும் வெளியே வராமல் ஜன்னலுக்குச் சாக்கு வைத்துப் பலகை அடித்தார்.

“எல்லாத்தையும் ஒரு அறைக்குள்ளயா? மூச்சு முட்டிரும்” என்றார் உம்மா.

“கொஞ்ச நேரந்தானேகா. அவங்க பகல் லுஹர் தொழுதுட்டு வந்துட்டுப் போயிருவாங்க.”

அவர்கள் வந்தது பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு. அதுவரை தகரம் கொதித்துக்கொண்டு கிடந்தது.

மாப்பிள்ளையின் வாப்பாவும் இன்னும் சில ஆண்களும் மண்டபத்தில் பாயில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் பெண்களும் முன் அறையில் என்னோடு. சாம்பிராணியைப் புகை புகையாகப் போட்டிருந்தோம். சாம்பிராணியும் கோழிப்பீயும் கலந்த அந்த மணத்தை என்னவென்று சொல்ல! வட்டிலாப்பத்தில் ஈ மொய்த்தது. மாப்பிள்ளையின் உம்மா ஈயை விரட்டி விரட்டிச் சாப்பிட்டார்.

“பின் அறைய ஏன் பூட்டி வச்சிரிக்கி?” என்று கேட்டார்.

“சாமான் போட்டிரிக்கி மதினி” என்றார் உம்மா.

நான் அந்த அறைச் சுவரில் சாய்ந்து இருந்தேன். சுவருக்கு அப்பால் சாமான் அடித்துக்கொண்டிருந்தது. கதவில் மோதுகிற சத்தம், செட்டை அடிக்கிற சத்தம், தொண்டையால் வருகிற ஒரு கேவல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சத்தம் குறையக் குறைய எனக்கு வேர்த்தது. குஞ்சாக இருந்த காலத்தில் ஒருநாள் இடிக்குப் பயந்து மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடியில் கிடந்ததெல்லாம் செத்தன. அன்றைக்கும் இப்படித்தான் சத்தம் அடங்கியது.

உம்மாவைப் பார்த்தேன். உம்மா கண்ணால் ‘இரு’ என்றார். அந்த அறைக்கதவு மண்டபத்தில். மண்டபத்தில் ஆண்கள். கலியாணமாகாத குமர் ஒன்று அங்கே போய் நின்றால் பேச்சு முறிந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் எழும்பி நின்ற அந்த மனிதரின் முகமும் ஞாபகம் வந்தது. ஆனால் சுவர் சும்மா கிடந்தது. என்னால் இருக்க முடியவில்லை.

எழும்பி ஓடினேன். முக்காடு எங்கே விழுந்ததென்று தெரியாது. ஆண்களுக்கு நடுவால் போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன்.

பேக்கரிப் போறணையைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. கதவடியில் நின்றவை தள்ளாடித் தள்ளாடிப் பாயில் விழுந்தன. ஒன்று வட்டிலாப்பத் தட்டில் கால் வைத்து நின்று கழிந்தது. ஒன்று மாப்பிள்ளையின் வாப்பாவுடைய வெள்ளைச் சாறனில் தலையைப் போட்டு வாயைப் பிளந்தது. ஜன்னல் மூலையில், பலகை இடுக்கால் கொஞ்சம் காற்று வந்த இடத்தில், குவியல். மேலே கிடந்தவை இழுத்துக்கொண்டிருந்தன. அடியில் கிடந்தவை ஈரச்சாக்கு மாதிரித் தட்டையாகிப் போயிருந்தன. யா அல்லாஹ், அந்தக் குவியலை நான் மறந்த நாளில்லை.

“கத்தி! கத்திய எடு!” வாப்பா கத்தினார்.

சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக அறுத்தார். துடித்ததை அறுத்தார். பிறகு துடிக்காததையும் அறுத்தார். உயிர் போன பிறகு அறுத்தது எங்களுக்கு ஹராம், தின்னக்கூடாது.

“வாப்பா, அது செத்துட்டு! ரெத்தமே வரல்ல, பாருங்க!”

“வாயப் பொத்து, ஷைத்தானே!”

அங்கே இருந்த எல்லோருக்கும் நான் சொன்னது கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். குவியலை அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் உச்சி முதல் கால் வரைக்கும் பார்த்தார்.

வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு இளித்தார். என்னைப் பெற்றவரைப் பார்த்து எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

“வெறுங்கையோட போகப்படாது காக்கா. நல்ல முட்டக்கோழி” என்றார், மாப்பிள்ளையின் வாப்பாவைப் பார்த்து. குவியல் பக்கத்திலிருந்து கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கிப் பன்புல் பையில் போட்டுக் கொடுத்தார். அவர்களும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் சாச்சி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“சரிவராதாம் ராத்தா. ஆம்புளையளுக்கு நடுவால குமரு முக்காடும் இல்லாம ஓடி வந்ததாம். அடக்கம் பத்தாதாம்.”

“வீட்டப் பத்தி ஏதும் சொன்னாங்களா?” என்று கேட்டார் உம்மா.

“வீடு நல்லமாம். ஒரு கொறையும் இல்லையாம்.”

“கோழி?” என்று நான் கேட்டேன்.

“அதையா? அண்டைக்கே ஆக்கித் திண்டுட்டாங்களாம். நல்ல பதமாம்.”

கிணற்றடிக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தேன். மாப்பிள்ளைக்கும் அந்தக் கறி பரிமாறியிருப்பார்களோ என்று நினைத்தேன். அதோடு அழுகையும் வந்தது.

வாப்பா தப்பின கோழிகளை விற்றுத் தீர்த்தார். இனித் திருந்துவார் என்று நினைத்தேன். எங்கே! ஒருநாள் காலை கொழும்பு பஸ்ஸிலிருந்து மட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம்.

“திரும்பவுமா?” என்றார் உம்மா.

“இனி என்ன கலியாணமா வச்சிரிக்கி? வீடு சும்மாதானே கெடக்கு.”

என் பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அந்தப் பின் அறையின் நாற்றம் கழுவியும் போகவில்லை, சுவரில் ஊறிக் கிடந்தது. மூலையில் இறகு ஒட்டிக் காய்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பலகையை ஆணியோடு பிடுங்கி எறிந்தேன். குவியல் கிடந்த அதே மூலையில் பாயை விரித்துப் படுத்தேன்.

வாப்பா பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். “எழும்பு, இதுகள விடோணும்.”

கலியாணம் முடிக்காமல் சீதன வீட்டுக்குக் குடிபோன குமர் என்று ஊர் பிறகு என்னைப் பற்றிக் கனகாலம் கதைத்தது. கதைக்கட்டும். நான் அன்றைக்கு எழும்பவில்லை.

“வீடு சும்மா இல்ல வாப்பா” என்றேன். “நான் இரிக்கன்.”