கிணற்றில் விழுந்த பசுவும் இரண்டு கப்பிகளும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் சினைப்பசு கொல்லைக் கிணற்றுக்குள் விழுந்தது. இடிந்து கிடந்த கைப்பிடிச் சுவரைக் கட்ட வேண்டும் என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவும் இரண்டு வருடமாகச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோடைக்காலம். தண்ணீர் பசுவின் வயிறு வரைதான் இருந்தது. ஆனால் நிற்க நிற்க அது தளர்ந்துகொண்டே போயிற்று. தீயணைப்பு வண்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. வர நேரமாகும் என்றார்கள். அப்பா மூன்று பனந்தடிகளைக் கிணற்றின்மேல் கூம்பாக நிறுத்திக் கட்டி, உச்சியில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டார். ஒருவர் உள்ளே இறங்கிப் பசுவின் வயிற்றைச் சுற்றிச் சாக்கை மடித்துக் கயிறு கட்டினார். ஆறு பேர் இழுத்தார்கள். பசு ஒரு சாண் எழும்பி மறுபடி தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது அது கத்தக்கூட இல்லை.

அப்போதுதான் சித்தி கிணற்றடிக்கு வந்தாள். கடியப்பட்டணத்து மீனவக் குடும்பத்துப் பெண். சித்தப்பா அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். எட்டு மாதமாக அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார். இரண்டடி தள்ளி நிற்கும் சித்தியிடம் நான் அதை ஒப்பிப்பேன். எனக்கு அது பெருமையான வேலை.

"ஒத்தக் கப்பி இழுக்கிற திசையத்தான் மாத்தும் அத்தான். பாரத்தைக் குறைக்காது" என்றாள், நேராக அப்பாவிடமே.

அப்பா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். அவள் போன் செய்தாள். அவளுடைய அண்ணன் பைக்கில் விரைந்து வந்து, மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்றும் இரட்டைச் சக்கரக் கப்பிகள் இரண்டையும் நீளமான கயிற்றையும் வாசலில் கொடுத்தார். யாரும் உள்ளே அழைக்காததால் அப்படியே திரும்பிப் போனார்.

சித்தி ஒரு கப்பியை மேலேயும் மற்றதைப் பசுவின் கட்டிலும் மாட்டச் சொல்லி, இரண்டுக்கும் இடையே கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்தாள். பசுவுக்கு மேலே இப்போது நான்கு கயிறுகள். அப்படியென்றால் பாரம் எங்கே போகும் என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது மக்கா. நாலு கயிறும் பங்கு போட்டுத் தாங்கும். மாடு ஒரு முழம் ஏறணும்னா நாம நாலு முழம் இழுக்கணும்."

அப்பா கயிற்றைப் பிடித்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

"இழுக்கட்டாம்மா?"

கயிறு காலடியில் குவிந்துகொண்டே போனது. பசு விரல் விரலாக ஏறியது. விளிம்பைத் தாண்டியதும் அடியில் பலகைகளைச் செருகி இறக்கினார்கள். கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

அன்று மாலைக்குள் அப்பா சித்தியிடம் நேரடியாகவே காப்பி கேட்டார். என் வேலை போயிற்றே என்று எனக்குச் சற்று வருத்தம்.

மறுநாள் கப்பிகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினோம். சித்தியின் அண்ணன் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்பா கேட்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவைப் பட்டு உடுத்தச் சொல்லி, ஒரு குலை செந்துளுவன் வாழைப்பழத்தையும் காரில் ஏற்றினார். இரண்டு கப்பியைக் கொடுக்க வீடே போக வேண்டுமா என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள்.

சித்தி பிறந்த வீட்டு முன்னால் கார் நின்றது. அப்பா குலையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினார். உள்ளேயிருந்து அவளுடைய அம்மா கைகளைத் துடைத்தபடி ஓடி வந்தாள். சித்தி மட்டும் இறங்காமல், வாசலில் நின்ற அப்பாவையும் தன் அம்மாவையுமே பார்த்தபடி, கார்க் கதவைத் திறக்கத் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது அவளேதான் திறந்து ஏறியிருந்தாள். எதனால் மறந்தாள் என்று விளங்காமல், நான் சுற்றிப் போய்த் திறந்துவிட்டேன்.