பத்மாசினி அனுப்பிய சீட்டு

பத்மாசினிக்கு ஒன்பது வயதில் தாலி கட்டினார்கள். பத்து வயதில் அறுத்தார்கள். இரண்டையும் அவளைக் கேட்டுச் செய்யவில்லை. இருபத்திரண்டில் நெசவாளி துளசிராமை அவளே விரும்பிக் கட்டிக்கொண்டாள். புரோகிதர் இல்லை, நாள் பார்க்கவில்லை. மாலை மாற்றி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்ததோடு கல்யாணம் முடிந்தது. துளசிராம் அவளுக்கு வாழ்வு கொடுத்தான் என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “நானுந்தான அவருக்குக் குடுத்தேன்” என்பாள்.

சிம்மக்கல்லுக்குப் பின்னால் வைகைக்கு இறங்கும் சந்தில் வீடு. அவன் தறியில் உட்காருவான். அவள் சுங்குடிச் சேலையில் புள்ளி விழ முடிச்சுப் போடுவாள். வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை. மழை பெய்தால் அது வீட்டுக்குள் வரும். பின்னாலேயே வாந்திபேதி வரும். முந்தின ஐப்பசியில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் போயின. அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள். சாக்கடையை மூடவில்லை.

அதை மூடவைக்கத்தான் துளசிராம் நகரசபைத் தேர்தலில் நின்றான். எதிரில் நின்றவர் பழைய மெம்பர் ராதாகிருஷ்ணன், ஜவுளிக்கடை முதலாளி. சாக்கடையைப் பேசினால் அவர் மாட்டிக்கொள்வார். ஆகவே அவருடைய மேடை பத்மாசினியைப் பேசியது. “மொதப் புருசன முழுங்குனவ. அவளக் கட்டுனவன் வார்டை முழுங்க மாட்டானா?” ஜனம் சிரித்தது. துளசிராமின் ஆட்கள் மட்டும் யோக்கியமா? ராதாகிருஷ்ணனுக்கு ஆற்றுக்கு வடகரையில் இன்னொரு குடித்தனம் என்று எடுத்துவிட்டார்கள். இரண்டு மேடையிலும் படுக்கையறைதான். சாக்கடை அதுபாட்டுக்கு ஓடியது.

துளசிராமுக்குச் சோறு இறங்கவில்லை. “நான் ஒதுங்கிக்கிறேன். ஒன்னைய ஊரு சிரிக்க வச்சுட்டேன்.”

“சிரிக்கிறவுக சிரிக்கட்டும். நீங்க ஒதுங்கினா அத யாரு மூடுவா? மொதல்ல நம்ம ஆளுகள வடகரைப் பேச்ச நிறுத்தச் சொல்லுங்க.”

மறுநாள் ராதாகிருஷ்ணனின் பெரிய கூட்டம். பத்மாசினி கிளம்புவதைப் பக்கத்து வீட்டு மோர்க்காரி முத்துத்தாய் பார்த்துவிட்டாள்.

“ஏத்தா, அங்கயா போற? வஞ்சே கொன்னுருவாய்ங்க.”

“நான் பேசலக்கா. சீட்டுத்தான் குடுக்கப் போறேன்.”

கேள்வி இருந்தால் துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். தலைவர் அதை வாசிப்பார். அதுதான் அந்தக் காலக் கூட்டத்து வழக்கம். அன்றைக்குத் தலைவர் பருத்தி மண்டி நல்லகாமன். மனசுக்குள் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எழுத்துக்கூட்டி உரக்கத்தான் படிப்பார்.

பொழுது சாயும் நேரம். “அந்தம்மா மொதல்ல யாரு பொண்டாட்டி, கேளுங்க” என்று பேச்சாளர் முடித்தார். சிரிப்பு அடங்குமுன் சீட்டு கைமாறி மேடை ஏறியது. நல்லகாமன் விளக்குப் பக்கம் பிடித்து வாசித்தார்.

“நான் துளசிராம் மனைவி பத்மாசினி. சிறுவயதில் எனக்குக் கட்டிவைத்தவர் காய்ச்சலில் இறந்தார். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. பிறகு நானே விரும்பி இவரைக் கட்டிக்கொண்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை...”

ராதாகிருஷ்ணன் கையை நீட்டினார். “போதும்ணே, குடுங்க.”

“இருங்க தம்பி. சபையில எடுத்தத பாதியில மடக்கப்படாது.” நல்லகாமன் தொடர்ந்தார். “ராதாகிருஷ்ணன் அண்ணனுக்கு ஒரே கேள்வி. ஆறு வருஷம் மெம்பராக இருந்தீர்களே, எங்கள் சந்துச் சாக்கடையை எப்போது மூடுவீர்கள்?”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன், “அதான, எப்ப மூடுவீக?” என்றான்.

“எங்க தெருவுக்கும் சேத்துச் சொல்லுங்கண்ணே.”

ராதாகிருஷ்ணன் எழுந்தார். “மேல பலகைக்கல்லு போட்டு மூடிறலாம்.”

“எம்புட்டுச் செலவாகும்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் குனிந்து பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்மாசினி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். ராதாகிருஷ்ணனின் ஆட்கள் கையில் வைத்துக் கேலி பேசிய விஷயத்தை அவளே சபையில் போட்டுவிட்டாள். இனி அவர்கள் பேச என்ன இருக்கிறது? வீட்டுக்கு நடக்கும்போது உடம்பே எடை குறைந்த மாதிரி இருந்தது.

துளசிராம் ஒதுங்கவில்லை. அடுத்த நாள் அவன் கூட்டத்துக்கு ராதாகிருஷ்ணனின் ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கல் வேண்டாம், குழாய் பதிக்கலாம் என்று அவன் ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டார்கள். குழாயில் மண்ணடைத்தால் யார் தோண்டுவது? மழைவெள்ளம் எந்த வழியே போகும்? செலவுக்கு வரியை ஏற்றுவாயா? துளசிராம் திணறினான்; வேர்த்து வழிந்தான்; ஒன்றிரண்டுக்குத்தான் சரியாகப் பதில் சொன்னான்.

பத்மாசினி வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, ஒம் புருசன இந்தப் பாடு படுத்துறாய்ங்க, நீ சிரிக்கிற?” என்றாள் முத்துத்தாய்.

“படுத்தட்டும்க்கா. சாக்கடையப் பத்தித்தான கேக்குறாய்ங்க.”