புளித்த டீயும் என் மனைவியின் சர்க்கரையும்

என் மனைவிக்குக் கண்புரை முற்றியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் ஆபரேஷன் என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை போட்டும் இறங்கவில்லை. டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இவ மருமவளா, மாமியாரா?" என்று என்னைக் கேட்பாள்.

நான் வேதியியல் படித்தவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். அங்கே என்னுடன் இருந்து, இப்போது தேர்வாய் கண்டிகைக்குப் போய்விட்ட நண்பர் ஒருவர், புளிக்கவைத்த டீ சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லி, டீயைப் புளிக்கவைக்கும், பாலாடை போல வழவழப்பான ஆடையை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் நிரூபித்துக் காட்ட ஆசைப்பட்டேன்.

டீயைப் புளிக்கவைத்து, வடிகட்டி, சிறு தீயில் சுண்டவைத்துச் சாறாக்கினேன். இன்னொரு பாட்டிலில் புளிக்காத டிகாக்ஷன், எலுமிச்சை பிழிந்து. நிறமும் புளிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரம் சாறு, மறு வாரம் வெறும் டீ. எது எந்த வாரம் என்று அவளிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்ப்பேன்.

"கம்பெனில பெயிண்ட்டு, ஊட்ல நானா?" என்றாள். ஆனாலும் விரலை நீட்டினாள்.

சாறு கொடுத்த வாரங்களில் சர்க்கரை இறங்கியது. வெறும் டீ வாரங்களில் ஏறியது. மாறி மாறி அப்படியே நடந்தது. நான் பூரித்துப்போனேன். பழைய சகாக்களைப் பார்த்தால் இதே பேச்சுதான். இரண்டு பேர் அந்த டீ ஆடையைக் கேட்டு வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார்கள்.

பிறகு ஒரு சாறு வாரத்தில், காலையில், சமையலறைச் சுவரைப் பிடித்தபடியே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கூப்பிட்டால் பேச்சு குழறியது. மீட்டரை எடுத்துவந்து குத்தினேன். ஐம்பதுக்கும் கீழே காட்டியது.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சாறு இவ்வளவு இறக்கிவிட்டதே என்ற சந்தோஷம். அவள் என் காலடியில் கிடந்தாள். அதற்கப்புறம்தான் சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடினேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னா, கம்மியா வந்துச்சா?"

"நைட்டு இன்னா சாப்ட்ட?"

"மாத்திர போட்டுக்கினேன்."

"சோறு?"

"மோரு குடிச்சேன். போதும்னு படுத்துக்கினேன்."

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. சாறு வாரங்களில் அவள் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாள், சில நாள் விட்டேவிட்டிருக்கிறாள். வெறும் டீ வாரங்களில் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்கிறாள்.

"எது எந்த வாரம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நெசமான வாரத்துல பால் பாக்கெட் வர்றதுக்கு முன்னயே மிஷினத் தூக்கினு வந்து நிப்பீங்க. டூப்பு வாரத்துல பேப்பர முழுசா படிச்சிட்டு வருவீங்க. கண்ணுதான் தெர்ல. காது நல்லாத்தான் கீது."

"அதுக்காகப் பட்டினி கெடப்பியா?"

"கம்மியா வந்தா அன்னிக்குப் பூரா எங்கிட்ட பேசிக்கினே இருக்கீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அப்டிப் பேசி நான் பாக்கல."

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போய் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். மாத்திரையை மாற்றினார், வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். ஆடை வாங்கிப்போன இருவர் வீட்டுக்கும் போய், நான் சொன்னதை நம்ப வேண்டாம் என்றேன். அந்தச் சாறு சர்க்கரையைக் குறைக்குமா குறைக்காதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில மாதங்களில் சர்க்கரை ஓரளவு கட்டுக்கு வந்து, கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அன்று காலை நர்ஸ் மீட்டரோடு வந்தார். என் மனைவி விரலை நீட்டாமல், "யம்மா, இவர கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லும்மா. பக்கத்துல நின்னா கம்மியா வரணுமேன்னு எனக்கு ஒரே பேஜாரா கீது" என்றாள்.

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் வெளியே போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். நான் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி, "பண்றாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.