சவரிமுத்து தட்டிய கை

மேடையில் பேசியே ஊரில் பெயர் வாங்கியவன் நான். பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்கார வைத்தாலும் அந்த அணிக்காகக் கண் கலங்குவேன்.

போன தை மாதம், அறுப்புக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்துவிட்டதென்று நீடாமங்கலத்திலிருந்து நண்பன் சவரிமுத்து கூப்பிட்டான். போனேன். வயலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி ஒரு கதிரை எடுத்துக் காட்டினான். நெல் முளைவிட்டிருந்தது.

"மிஷின் எறங்காதுடா. ஆள வச்சு அறுக்கவா, அப்படியே விட்டுடவா? நீ என்ன சொல்ற?"

நான் வரப்பில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். உழவனின் பெருமை, மண்ணின் பொறுமை, நாளைய விடியல் என்று பத்து நிமிடம் முழங்கினேன். முடித்ததும், பழக்கதோஷத்தில், சற்று நிறுத்திக் காத்திருந்தேன்.

சவரிமுத்து கதிரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேற்றுக் கைகளை மூன்று முறை தட்டினான்.

"போதுமாடா? இப்பவாவது சொல்லு, அறுக்கவா, விட்டுடவா?"

எனக்குத் தெரியவில்லை. முதலிலேயே "தெரியலடா" என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் தண்ணீரில் இறங்கியிருக்கலாம்.

அதைக்கூட மன்னித்துக்கொள்வேன். ஆனால் அவன் முதல் தட்டு தட்டியபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.